சர்ச் பாக்ஸ்ல என்ன டைப் பண்ணணும்?



இந்த வார எபிசோட்ல சாட்பாட் கிட்ட மனசு விட்டுப் பேசுறதைப் பத்திப் பேசினோம். 1966-ல எம்ஐடியில ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா ப்ரோகிராம்ல ஆரம்பிச்சு, இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் சொல்ற ஏஐ வரைக்கும் வந்தோம். முடிக்கிற நேரத்துல, "எனக்கு உதவினது சாட்பாட் இல்ல, ஒரு குரூப்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன். எடிட்டிங்ல கட் பண்ணியிருக்கலாம். பண்ணல. சொன்னதுக்கு அப்புறம் விளக்கம் கொடுக்காம இருக்கிறது நல்லா இருக்காது. அதனால இந்த நியூஸ்லெட்டர்.

மணல் பார்க்கிங்

எங்கப்பா ஷார்ஜாவுல 28 வருஷம் வேலை பார்த்தாங்க. ரோலாவுல ஒரு சின்ன ஃபிளாட்லதான் நான் வளர்ந்தேன். ரிட்டயர் ஆகி திருநெல்வேலிக்குப் போன மூணாவது வருஷம் அப்பா இறந்துட்டாங்க. ஃபிளைட் பிடிச்சுப் போனேன். பதினாறாம் நாள் வரைக்கும் கூட இருக்க முடியல. கான்ட்ராக்ட் வேலை, லீவ் போட்டா பில்லிங் கிடையாது. பத்தாவது நாள் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்துட்டேன்.

நாலு மாசம் எல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. ஒரு காலையில, முவைலாவுல எங்க பில்டிங் பின்னாடி இருக்கிற மணல் பார்க்கிங்ல கார்ல ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணத் தோணல. 9 மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கை போன்லயே அட்டெண்ட் பண்ணினேன். என் முறை வந்தப்ப "நோ பிளாக்கர்ஸ்"னு சொல்லிட்டு, இன்னும் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா தினமும் போன்ல கேப்பாங்க: "எய்யா, ஒழுங்கா தூங்குதியா?" நான் "தூங்குதேன்மா"ன்னு சொல்லுவேன். "நீங்க?"ன்னு கேட்டா, "எனக்கென்ன, நல்லாத் தூங்குதேன்"னு அவங்களும் சொல்லுவாங்க. ரெண்டு பேர் சொல்றதும் பொய்.

அன்னைக்கு ராத்திரி கூகுள்ல "க்ரூப் தெரபி நியர் மீ"ன்னு டைப் பண்ணினேன். முதல்ல வந்ததெல்லாம் விளம்பரம். அதுல ஒரு இடம், பேர் வேண்டாம், "குரூப் ஹீலிங்"னு போட்டிருந்தாங்க. போனேன். இருபது பேர் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டோம். கடைசியில 12 வாரப் பேக்கேஜோட விலைப்பட்டியலை நீட்டினாங்க. பக்கத்துல இருந்தவர் பேர் கூட எனக்குத் தெரியாது. அந்த ராத்திரி, இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

தப்பு அந்த இடத்து மேல மட்டும் இல்ல. என்ன வேணும்னு தெரியாமலே தேடியிருக்கேன். க்வெரி தப்பா இருந்தா ரிசல்ட்டும் தப்பாத்தானே வரும்?

"குரூப்"னா மூணு வேற விஷயம்

முதலாவது, குரூப் தெரபி. இது சிகிச்சை. லைசன்ஸ் உள்ள சைக்காலஜிஸ்ட்டோ சைக்கியாட்ரிஸ்ட்டோ நடத்துவாங்க. பெரும்பாலும் எட்டு, பத்து பேருக்கு மேல போகாது. சேர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட தனியா பேசி, இந்தக் குழு உங்களுக்குப் பொருந்துமான்னு பார்ப்பாங்க. ஆங்ஸைட்டி, டிப்ரஷன் மாதிரி ஒரு குறிப்பிட்ட பிரச்சனைக்கு, குறிப்பிட்ட வாரங்களுக்கு நடக்கும். காசு உண்டு.

இதோட ஆரம்பம் மனநலத்துல இல்ல, டிபியில. 1905-ல பாஸ்டன்ல ஜோசப் பிராட்னு ஒரு டாக்டர், காசநோய் வந்த ஏழை நோயாளிகளை வாரா வாரம் ஒரே அறையில கூட்டினார். மருந்து, சாப்பாடு, ஓய்வு பத்திச் சொல்லிக்கொடுக்கிறதுதான் நோக்கம். ஆனா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, ஒருத்தர் கதையை ஒருத்தர் கேட்டதே நோயாளிகளுக்குத் தெம்பு கொடுத்ததுன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

ரெண்டாவது, சப்போர்ட் குரூப். இது சிகிச்சை இல்ல, துணை. துக்கம், விவாகரத்து, குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் வர்ற டிப்ரஷன், வீட்டுல ஒருத்தருக்கு மனநோய்னு ஒரே மாதிரி அனுபவம் உள்ளவங்க கூடுவாங்க. பயிற்சி பெற்ற ஒருத்தர் வழிநடத்துவார். பல இடங்கள்ல இலவசம்.

மூணாவது, சக மனுஷங்களே நடத்துற கூட்டம். 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன்ல தொடங்கின ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்தான் இதுக்குப் பெரிய உதாரணம். டாக்டர் கிடையாது, ஃபீஸ் கிடையாது, முழுப் பேரும் கேட்க மாட்டாங்க. குடிக்கிறவங்களோட குடும்பத்துக்குன்னு 1951-ல அல்-அனான் வந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரின்னாலே பயந்து வளர்ந்த கல்ஃப் பிள்ளைங்க நம்மள்ல இருக்கீங்க. பிரச்சனை அப்பாவோடதுதான், ஆனா உதவி தேட உங்களுக்கும் உரிமை உண்டு. தேட வேண்டிய வார்த்தை அல்-அனான்.

இந்த மூணுல எது வேணும்னு முடிவு பண்ணினாலே பாதித் தேடல் முடிஞ்சது. எனக்குத் தேவைப்பட்டது ரெண்டாவது. டைப் பண்ண வேண்டியது "தெரபி" இல்ல, "க்ரீஃப் சப்போர்ட் குரூப்". பிரச்சனையோட பேரைப் போட்டுத் தேடுங்க. ரிசல்ட் அடியோட மாறும்.

இங்க எங்க பார்க்கிறது

துபாய்ல 2011-ல தொடங்கின தி லைட்ஹவுஸ் அரேபியா கிளினிக், சப்போர்ட் குரூப்களும் நடத்துது. அவங்களோட ரேமி க்ரீஃப் சென்டர்ல துக்கத்துக்கான குழுக்கள் இலவசம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் அமீரகத்துல நடக்குது. அதிகமா இங்கிலீஷ்லதான்.

யாரா இருந்தாலும் லைசன்ஸைச் சரிபாருங்க. துபாய்ல சைக்காலஜிஸ்ட்டுக்கு துபாய் ஹெல்த் அத்தாரிட்டி, சமூக நலத் துறை கவுன்சிலர்களுக்கு கம்யூனிட்டி டெவலப்மென்ட் அத்தாரிட்டி. ஷார்ஜாவுல சுகாதார அமைச்சகம். "லைஃப் கோச்", "ஹீலர்" இதெல்லாம் மருத்துவ லைசன்ஸ் இல்ல. அவங்க நல்லவங்களா இருக்கலாம், ஆனா சிகிச்சைன்னு நினைச்சுப் போகாதீங்க.

தமிழ்ல பேசணும்னா ஊர்ப்பக்கமும் பாருங்க. சென்னையில ஸ்கார்ஃப் 1984-ல டாக்டர் சாரதா மேனன் தொடங்கினது. 1989-ல ஆஷா அமைப்பை உருவாக்கினதே மனநோய் உள்ளவங்களோட குடும்பங்கள்தான். தமிழ்நாட்டுல ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்லயே நடக்குது. ஒரு டெக் விஷயம்: ஊர்ல இருக்கிற கவுன்சிலர் "வாட்ஸ்அப் வீடியோ கால்ல வாங்க"ன்னு சொன்னா இங்க வேலை செய்யாது. ஜூம் இல்லன்னா டீம்ஸ் லிங்க் கேளுங்க.

"விசா போயிடுமா?"

நம்ம எல்லாருக்கும் இருக்கிற பயம் இது. பையன்களுக்கு அப்பா விசா 25 வயசு வரைக்கும்தான். அதுக்கப்புறம் வேலைதான் விசா. அதனால மனசு சரியில்லைங்கிறதை வெளியில சொன்னா இருக்கிற இடமே போயிடுமோன்னு தோணுது.

ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்குங்க. விசா மெடிக்கல்ல எடுக்கிறது ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும். நீங்க தெரபிக்குப் போனீங்களான்னு அதுல தெரியாது. அடுத்தது, 2023-ன் 10-ம் எண் கூட்டாட்சி மனநலச் சட்டம். 1981-ல இருந்த பழைய சட்டத்தை எடுத்துட்டு, 2024 மே மாசத்துல நடைமுறைக்கு வந்தது. மனநல நோயாளியோட தகவலை ரகசியமா வைக்கணும்னு அது சொல்லுது. சிறப்பு மருத்துவக் குழுவோட அறிக்கை இல்லாம, மனநிலையைக் காரணம் காட்டி ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கக்கூடாதுன்னும் சொல்லுது. எல்லா மேனேஜரும் இதைப் படிச்சிருப்பாங்கன்னு சொல்ல வரல. நீங்க படிச்சிருக்கணும்னு சொல்றேன்.

"ஊருக்குத் தெரிஞ்சிடுமே?"

விசாவை விட இந்தப் பயம்தான் எனக்குப் பெருசு. முவைலாவுல லிஃப்ட்ல ஏறினா ஒரு அங்கிள், கஃபட்டீரியாவுல கரக் வாங்கினா இன்னொரு அங்கிள். ரெண்டு பேருக்கும் அம்மா நம்பர் தெரியும்.

அப்பா தலைமுறைக்கு பேச்சிலர் ரூம் இருந்துச்சு. ஒரே ரூம்ல ஆறு கட்டில், மெஸ் முறை, ஒருத்தருக்கு ஊர்ல இருந்து கெட்ட செய்தி வந்தா மத்த அஞ்சு பேரும் தூங்காம உட்கார்ந்திருப்பாங்க. அதைத் தெரபின்னு யாரும் சொல்லல. ஆனா "எனக்கும் அப்படித்தாம்ல இருந்துச்சு"ன்னு சொல்ல ஆள் இருந்தாங்க. நமக்கு ஸ்டுடியோ ஃபிளாட், நாயிஸ் கேன்சலிங் ஹெட்போன், நாப்பது வாட்ஸ்அப் குரூப். அதுல ஒண்ணுலயும் இதை டைப் பண்ண முடியாது.

அதனாலதான் எனக்கு யாரையும் தெரியாத ஒரு குரூப் தேவைப்பட்டுச்சு. துபாய்ல, வார நாள்ல, சாயங்காலம் 7 மணிக்கு. 311-ல டிராஃபிக்கை நினைச்சு 5 மணிக்கே கிளம்பினேன். எந்தக் குரூப்னு சொல்ல மாட்டேன், மத்தவங்க சொன்னதையும் எழுத மாட்டேன். இங்க பேசினது இங்கயே இருக்கணும்ங்கிறதுதான் அங்க முதல் விதி. நான் சொன்னதை மட்டும் எழுதலாம்.

முதல் நாள் நான் ஒண்ணும் சொல்லல. "பாஸ்"னு சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்தல. ரெண்டாவது வாரம் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன். ஹெச்ஆருக்கு மெயில் எழுதுற மாதிரி வந்துச்சு. வழிநடத்துறவங்க, "உங்க மொழியிலயே சொல்லுங்க, எங்களுக்குப் புரியலைன்னா பரவாயில்ல"ன்னாங்க. தமிழ்ல சொன்னேன்: "அப்பா நம்பர் இன்னும் எங்க ஃபேமிலி குரூப்ல இருக்கு. என்னால ரிமூவ் பண்ண முடியல." அப்புறம் அதையே இங்கிலீஷ்ல சொன்னேன். சுத்தி இருந்தவங்க தலையாட்டினாங்க.

குரூப் தெரபிக்கு 1970-ல பாடநூலே எழுதின இர்வின் யாலம், குழுவுல ஆளைக் குணப்படுத்துற காரணிகள்னு ஒரு பட்டியல் போடுறார். அதுல ஒண்ணு, "நான் மட்டும் இல்ல"ன்னு தெரிஞ்சுக்கிறது. சாட்பாட் பொறுமையா கேக்கும், அழகா பதில் எழுதும். ஆனா "எனக்கும்"னு சொன்னா அது பொய். அதுக்கு அப்பா கிடையாது.

போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

போன்லயோ மெயில்லயோ இந்த அஞ்சையும் கேளுங்க:

1. நடத்துறது யார், லைசன்ஸ் என்ன?
2. இது சிகிச்சையா, சப்போர்ட் குரூப்பா?
3. எத்தனை பேர்? எப்ப வேணா சேரலாமா, நடுவுல சேர முடியாதா?
4. ரகசியத்துக்கு என்ன விதி? ரெக்கார்டிங் உண்டா?
5. மொத்தச் செலவு எவ்வளவு, இன்ஷூரன்ஸ்ல வருமா?

தெளிவான பதில் வரலைன்னா அடுத்த இடம் பாருங்க. ஒரு குரூப் ஒத்து வரலைன்னா ரெண்டு, மூணு தடவை போய்ப் பார்த்துட்டு மாத்திக்கலாம், தப்பில்ல.

இன்னொண்ணு. உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வந்தா, அடுத்த வாரக் குரூப் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999, இல்லன்னா பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. பேசணும்னா அமீரகத்தோட மனநல ஆதரவு லைன் 800 4673. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தோட பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா டோல்-ஃப்ரீ 800 46342.

போன வாரம் அம்மா கேட்டாங்க, "எய்யா, தூங்குதியா?" "இல்லம்மா, சரியா தூங்கல"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "எனக்குந்தான்யா"ன்னாங்க. ஒரு மணி நேரம் பேசினோம்.

அப்பா நம்பர் இன்னும் குரூப்ல இருக்கு. இருக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல பாஸ்கீ பத்திப் பேசுறோம். அதுவரைக்கும் பார்த்துக்குங்க.