காற்றை அழைக்கும் கோபுரங்கள்

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது முதுமொழி. காற்றே வீசாத வேளையில் என் செய்வது? அப்போதும் வீட்டினுள் காற்றை ஓடச் செய்யலாம் எனக் காட்டியவர்கள் ஈரான் நாட்டுப் பாலைவன மக்கள்.

ஈரானின் நடுவிலுள்ள யாஸ்த் நகரில் கோடை வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அங்குள்ள பழைய வீடுகளின் கூரைமேல் களிமண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டிய கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. இவற்றைப் பாரசீக மொழியில் 'பாட்கீர்' என்பர். 'காற்றைப் பிடிப்பது' என்பது அதன் பொருள். தௌலதாபாத் தோட்டத்து எண்கோணக் கோபுரம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரமுடையது. இந்நகரின் பழைய பகுதியை 2017-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இதன் தத்துவம் எளியது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ எடையிருக்கும். 40 டிகிரியில் 1.13 கிலோதான். எனவே சூடான காற்று மேலெழும். அது விட்ட இடத்தைக் குளிர்ந்த காற்று வந்து நிரப்பும். அடுப்பின் புகைபோக்கி வேலை செய்வதும் இவ்வாறே.

காற்று வீசும்போது கோபுரத்தின் ஒரு பக்கத் துளைகள் அதை வாங்கிக் கீழே அனுப்பும். மறுபக்கத் துளைகள் அறையின் வெக்கையை வெளியேற்றும். இதற்காகவே உள்ளே தடுப்புச் சுவர்கள் உள்ளன. காற்று அடங்கிய பகலில், வெயில் பட்ட சுவரையொட்டிய காற்று சூடேறி எழும். நிழல் படிந்த முற்றத்தின் குளிர்ந்த காற்று அறைக்குள் வரும். இரவிலோ, பகலில் சூடேறிய சுவரே அவ்வேலையைத் தொடரும்.

இத்தகைய கோபுரம் அமைப்போர் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, உயரம். உயரம் நான்கு மடங்கானால் காற்றின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். இரண்டாவது, கீழே காற்று நுழையும் வழி. அதை அடைத்துவிட்டால் கோபுரம் வீணே. மூன்றாவது, கோபுரம் கூரைக்கு மேல் நன்கு ஓங்கியிருத்தல். இல்லையேல் கீழறையின் வெந்த காற்று மேல்மாடி அறைகளில் புகுந்துவிடும்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996-ல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடமும் இவ்வழியைப் பின்பற்றியதே. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் கறையான் புற்றைக் கண்டு எண்ணம் பெற்றார். இரவின் குளிர்ந்த காற்றை மின்விசிறிகள் உள்ளே செலுத்த, கான்கிரீட் அக்குளிர்ச்சியைத் தேக்கிவைக்கிறது. வெப்பக் காற்று புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது.

குளிர்சாதனம் ஓர் அறையைக் குளிர்வித்து, வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. அதை வாங்க இயலாதவர்களே அவ்வெப்பத்தையும் தாங்க வேண்டியுள்ளது. மின்சாரம் நின்றாலோ நோயாளியும் குழந்தையும் தவிக்கின்றனர். அன்புத் தோழியரே, நாளை உங்களுள் சிலர் கட்டடப் பொறியாளர்கள் ஆவீர்கள். சுவரை எழுப்புமுன் காற்றுக்கு வழி வகுக்க மறவாதீர்கள்!