யானை போன துறையும் மக்கள் மீண்ட தீவும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் வாயிலில், எண்கோண வடிவில் நிற்கிறது கடற்கோட்டை. இரண்டு கரைகளுக்கும் இடையே ஓடும் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறினால் அதன் மதில் துலக்கமாகத் தெரியும். உள்ளே போக வேண்டுமானால் காரைநகர்க் கரையிலிருந்து கடற்படையின் படகில் போக வேண்டும். இன்று அது இலங்கைக் கடற்படை நடத்தும் விடுதி. நாற்புறமும் கடல், நடுவே சில அறைகள். தனித்தீவில் ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறவருக்கு வடக்கில் இப்படி இன்னோர் இடம் கிடைப்பது அரிது.

போர்த்துக்கேயர் கட்டிய இந்தக் கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பீரங்கியைவிடக் குடிதண்ணீர்த் தட்டுப்பாடே உள்ளிருந்தவர்களைப் பணிய வைத்தது. ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டி ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் அது சிறையானது. 1971 கிளர்ச்சிக் காலத்தில் ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீர அங்கே அடைக்கப்பட்டிருந்தார்.

எங்கள் வன்னிக்கு இந்தக் கோட்டையோடு பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் என்ற சிற்றரசுகள் யானைகளைத் திறையாகக் கொடுத்தன. எங்கள் காடுகளில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்கு நடந்தன. ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியக் கரைக்குப் போயின. அந்தத் துறையின் வாயைக் காத்தது இந்தக் கோட்டைதான்.

வன்னியின் பூவரசங்குளத்திலிருந்து கடற்கோட்டைக்குப் போக ஏ-9 வீதி மட்டுமே வழியென்று நினைக்க வேண்டாம். மன்னார் வீதியில் மேற்கே போய், ஏ-32 வீதியில் வடக்கே திரும்புங்கள். விடத்தல்தீவு, முழங்காவில், பூநகரி தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலத்தால் குடாநாட்டுக்குள் நுழையலாம். தூரம் கொஞ்சம் கூடும். ஆனால் முழங்காவிலுக்கு அருகே இரணைமாதா நகரில் இறங்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஏனென்றால் கடற்கோட்டையை ரசிக்கும் முன் அறிய வேண்டிய வரலாறு அந்தக் கரையில் இருக்கிறது.

இரணைதீவு கிளிநொச்சி மாவட்டத்தின் இரட்டைத் தீவு. அங்கே வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் 1992 இல் போரால் இடம்பெயர்ந்து இரணைமாதா நகரில் குடியேறின. தீவு கடற்படை வசமானது. போர் 2009 இல் முடிந்த பிறகும் அவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை. 2017 மே முதலாம் திகதி கரையில் போராட்டம் தொடங்கியது. ஒரு வருடம் நெருங்கியும் பதில் வராதபோது, 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி, ஆண்களும் பெண்களும் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் சொந்தத் தீவில் கரையேறினார்கள். தேவாலயத்தில் வழிபட்டு அங்கேயே தங்கினார்கள். அடுத்த மாதமே அரசும் அவர்கள் அங்கே இருப்பதற்கு இணங்கியது.

இந்த நூற்றாண்டில் இலங்கைக் கடலில் நடந்த மிக முக்கியமான தீவுப் பயணம் அது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தீவு யாருக்குரியது என்ற கேள்விக்கு அந்த வள்ளங்கள் விடை சொல்லிவிட்டன. வாடி போட்டு, வலை காயப்போட்டு, கடலட்டை பிடித்து, பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கே அதில் முதல் உரிமை.

அதற்காக உல்லாசப் பயணத்தை வேண்டாம் என்று தள்ளவில்லை. வடக்குக்கு அந்த வருமானம் தேவை. அது எந்த வழியில் வருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். மாலைதீவில் 1972 இல் குரும்பா விடுதி திறந்தது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை அங்கே வேரூன்றியது. நாடு செழித்தது, ஆனால் மக்கள் வாழும் தீவுகள் நெடுங்காலம் அந்தத் தொழிலுக்கு வெளியே நின்றன. ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியது கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள்தான். அவர்கள் நாற்பது ஆண்டு கழித்துத் திருத்திக்கொண்டதை நாங்கள் தொடக்கத்திலேயே சரியாகச் செய்யலாம்.

அதற்கு வேண்டிய கைத்திறன் எங்களிடம் இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அது 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது அதில் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இருந்தார்கள். அன்று சோளகக் காற்றும் வாடைக் காற்றும் அறிந்த தண்டையல்கள் என்ற கப்பல் தலைவர்கள் இந்தக் கரையெங்கும் இருந்தார்கள். பாய் விரித்து ஓடும் வித்தையை இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால், பாக்குநீரிணையின் ஆழங்குறைந்த நீரில் எண்ணெய்ச் செலவின்றிப் பயணிகளை ஏற்றலாம். மாசி, பங்குனியில் கடல் தணிந்திருக்கும். அதுவே ஏற்ற பருவம்.

படகுச் சேவையைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுக்க வேண்டும். கட்டணத்தையும், நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற வரம்பையும் அவர்களே தீர்மானிக்கட்டும். கரைவலைப் பாட்டையும் வாடி நிலத்தையும் எந்த விடுதியும் வேலியடைக்கக் கூடாது. சமையல் தீவுப் பெண்களுடையதாக இருக்கட்டும். காசு அவர்கள் கையில் நேராகச் சேரட்டும்.

கடற்கோட்டைக்குப் போங்கள், அந்த மதிலும் கடலும் காணத் தகுந்தவை. போகும் வழியில் இரணைமாதா நகரில் இறங்கி, சங்கத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் இரணைதீவுக்கும் போங்கள். குப்பை போடாதீர்கள், கடலட்டை பிடிக்கும் இடத்தை மிதிக்காதீர்கள், சாப்பாட்டை அவர்களிடமே வாங்குங்கள். ஊரவர் அழைத்துப் போகும் பயணமே அந்தத் தீவுக்கும் உங்களுக்கும் நன்மை தரும்.