எண்ணிக்கையும் உள்ளடக்கமும்: அலகுச் சோதனைக் கூற்றுகள் பற்றிய ஒரு குறிப்பு

மென்பொருளின் சிறு கூறுகளைத் தனித்தனியே பரிசோதிக்கும் அலகுச் சோதனை முறை, கென்ற் பெக், எரிக் காமா ஆகியோர் 1997இல் ஜாவா மொழிக்கென ஆக்கிய ஜேயூனிற் வாயிலாகப் பரவலாயிற்று. எதிர்பார்த்த பெறுமானத்தையும் கிடைத்த பெறுமானத்தையும் ஒப்பிடுவதே அதன் அடிப்படை. அவ்வொப்பீட்டை வாக்கியம் போலத் தொடுத்தெழுத உதவுவது அசேர்ட்ஜே என்னும் நிரல் நூலகம். எரிக் எவன்சும் மார்ட்டின் பௌலரும் 2005இல் 'சரளமான இடைமுகம்' எனப் பெயரிட்ட மரபைச் சேர்ந்தது அது.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் நோக்குவோம். நிவாரணம் பெறத் தகுதியுடைய குடும்பங்களைத் தெரிந்தெடுக்கும் நிரலொன்றைச் சோதிக்கிறோம் எனக் கொள்வோம். ஐந்து குடும்பங்களுள் மூன்று தெரிவாதல் வேண்டும். பட்டியலின் அளவை முதலில் எண்ணாக மாற்றி அதனை 3 உடன் ஒப்பிட்டால், தோல்வியுறும் சோதனை '3 எதிர்பார்க்கப்பட்டது, 2 கிடைத்தது' என்று மாத்திரமே கூறும். விடுபட்ட குடும்பம் எதுவென்பது புலப்படாது. பட்டியலையே முன்வைத்து 'ஹாஸ்சைஸ்' என்னும் கூற்றால் வினவின், எண்ணிக்கையோடு பட்டியலின் உறுப்புகளும் செய்தியில் இடம்பெறும். அங்ஙனமாயின் தவறு எங்குள்ளதென்பதை உடனே உய்த்துணரலாம்.

இவ்விடத்து வேறொன்றையும் மனங்கொள்ளுதல் வேண்டும். 'தெரிவான ஒவ்வொரு குடும்பத்தின் வருமானமும் எல்லைக்குக் குறைந்தது' என்பதை 'ஓல்சற்றிஸ்ஃபை' என்னும் கூற்றால் சோதிக்கலாம். ஆயின், வெறும் பட்டியலுக்கும் அக்கூற்று மெய்யாகும். மறுப்பதற்கு அங்கு ஓர் உறுப்பேனும் இல்லை. ஐந்து குடும்பங்களும் விலக்கப்பட்ட நிலையிலும் சோதனை வெற்றியென அறிவிக்கப்படும். இத்தகைய பொய்யான வெற்றியைத் தடுப்பதே எண்ணிக்கைக் கூற்றின் முதன்மையான பணி எனலாம். ஆதலின் அதனை முன்னர் நிறுத்துதல் தகும்.

எனினும், எண்ணிக்கை தன்னளவில் நிறைவானதன்று. தகுதியற்ற மூன்று குடும்பங்கள் தெரிவாயினும் எண் மூன்றே. எதிர்பார்க்கும் உறுப்புகள் இன்னவையென அறிந்தவிடத்து அவற்றையே வரிசை நோக்காது ஒப்பிடும் கூற்று சாலச் சிறந்தது. எண்ணிக்கையும் அதனுள் அடங்கும். உறுப்புகளை முன்கூட்டித் துணிய இயலாதவிடத்தே எண்ணிக்கை தனித்து நிற்கலாம்.

சுருங்கக் கூறின், கூற்றின் சரளம் வெறும் நடையழகன்று. சோதனை எதனை மெய்ப்பித்தது, எதனை மெய்ப்பிக்கவில்லை என்பதை வாசிப்போர்க்குப் புலப்படுத்தும்போதே அது பயனுடையதாகிறது. பட்டியலிலுள்ள எண்களின் பின்னால் மனிதர் உளர் என்பதை மறவாதிருத்தல் நிரலெழுதுவோரின் கடமையாகும்.