வரிசை எண் பெறாத வீரர்

இலண்டன் மாநகரின் விம்பிள்டனில் நடைபெறும் டென்னிஸ் பந்தயத்தில், வல்லவர்கள் தொடக்கத்திலேயே தம்முள் மோதிக் கழிந்துவிடாதபடி, சிறந்தோர் சிலருக்கு முன்னதாகவே வரிசை எண் அளித்துப் பிரித்து வைப்பர். 1985-ஆம் ஆண்டில் அவ்வாறு எண் பெற்ற ஆடவர் 16 பேர். மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த 17 வயது இளைஞர் போரிஸ் பெக்கர் அவர்களுள் ஒருவரல்லர்.

நான்காம் சுற்றில் அமெரிக்கராகிய டிம் மேயாட்டுடன் ஆடுகையில் பெக்கரின் கணுக்கால் பிசகிற்று. ஆட்டத்தை விட்டுக்கொடுத்துக் கைகுலுக்கும் எண்ணத்துடன் அவர் வலையை நோக்கி நடக்கலானார். அரங்கிலிருந்த அவருடைய பயிற்சியாளரும் மேலாளரும் மருத்துவ உதவி கேட்குமாறு உரக்கக் கூவினர். அக்குரல் சற்றே பிந்தியிருப்பின் யாவும் அத்துடன் முடிந்திருக்கும். மருத்துவ உதவி பெற்று மீண்டும் ஆடிய பெக்கர், ஐந்தாவது செட்டில் வென்றார்.

ஜூலை 7-ஆம் நாள் இறுதிப் போட்டியில் கெவின் கரனும் அவரிடம் தோற்றார். வரிசை எண் பெறாத ஒருவர் அங்கே ஆடவர் பட்டம் வென்றது அதுவே முதன்முறை.