உங்களுக்குத் தெரியுமா? மும்பையில் மூட்டை தூக்கியவர்கள்

★ மும்பை நிழலுலகை ஒரு காலத்தில் ஆட்டிப்படைத்த தமிழர் இருவர் சுமைகூலிகளாகத்தான் தொடங்கினார்கள். ராமநாதபுரம் பனைக்குளத்து ஹாஜி மஸ்தான் துறைமுகத்தில். பிறகு தாராவி, மாட்டுங்கா பக்கம் கோலோச்சிய வரதராஜ முதலியார் விக்டோரியா டெர்மினஸ் (வி.டி.) ரயில் நிலையத்தில். அவர்கள் கதை சினிமாவுக்குப் போதும். கூடவே மூட்டை தூக்கியவர்களின் கதை வேறு.

★ அந்தக் கூலிகளின் பிழைப்புக்கு உலை வைத்தது ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கன்டெய்னர்களோடு கிளம்பியது. உதிரியாக ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் பிடித்த சரக்கு, பெட்டியில் போனபோது 16 சென்ட்டுக்குள் முடிந்தது. மிச்சமானதில் பெரும்பங்கு யாருடைய கூலி என்று சொல்லவேண்டுமா?

★ உதிரிச் சரக்குக் கப்பல் நாள்கணக்கில் கரையில் நிற்கும். கப்பல் வராத நாளில் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. அதற்காகவே 1948-ல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி துறைமுகத் தொழிலாளர் வாரியத்தில் பெயர் பதிந்தவர், வேலை கிடைக்காமல் திரும்பினாலும் வெறுங்கையோடு போகவேண்டியிருக்கவில்லை.

★ 1989-ல் மும்பைக்கு அக்கரையில், நவசேவாவில், ஜவஹர்லால் நேரு துறைமுகம் திறந்தது. பெட்டிகள் அங்கே போயின. பழைய துறைமுகத்தின் வேலையும் அவற்றோடு கடல் தாண்டிவிட்டது. 1948 சட்டம் ஆளைக் காப்பாற்றியது, அவர் பிள்ளைக்கு வரவேண்டிய இடத்தை அல்ல. பழைய துறைமுகத்திலும் பின்னாளில், 1880-ல் திறந்த பிரின்சஸ் டாக்கையும் 1888-ல் வந்த விக்டோரியா டாக்கையும் கன்டெய்னர் அடுக்குவதற்காகத் தூர்த்தே விட்டார்கள்.

★ இப்போது கிடங்குகளின் முறை. 2012-ல் அமேசான் 77.5 கோடி டாலர் கொடுத்து 'கிவா' ரோபோ நிறுவனத்தை வாங்கியது. 2025-ல் அமேசானின் ரோபோ எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது.

★ ஆனால் கிடங்குக் கூலிக்கும் ஒரு காப்பு உண்டு: மகாராஷ்டிராவில் 1969 முதல் சுமைதூக்குவோருக்கான மாத்தாடி சட்டம் இருக்கிறது. இன்று ஒரு கடை, நாளை ஒரு கிடங்கு என்று முதலாளி மாறிக்கொண்டே இருக்கும் சுமைகூலிக்கும் வாரியம் வழியாகக் கூலி, பி.எஃப்., பணிக்கொடை, போனஸ், மருத்துவ உதவி கிடைக்க வழி செய்த சட்டம். ஆப் வழியே வேலைக்கு ஆள் எடுக்கும் இந்தக் காலத்துக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி தேடவேண்டாம் என்பேன். மும்பையிலோ பக்கத்துப் பிவண்டியிலோ உங்கள் சொந்தக்காரர் யாராவது சுமை ஏற்றி இறக்கினால், மாத்தாடி வாரியத்தில் பெயர் பதிந்திருக்கிறாரா என்று இன்றே போனில் கேளுங்கள்.