பேருந்துத் தடத்தை வரைவது யார்?

பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே ஓடும் பேருந்துகளின்மீது உள்ளாட்சி மன்றங்களுக்கு இருந்த அதிகாரத்தின் பெரும்பகுதி 1986 அக்டோபர் 26 அன்று பறிபோனது. மார்கரெட் தாட்சர் அரசில் நிக்கலஸ் ரிட்லி போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1985-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் தான் விரும்பிய தடத்தில், தான் வகுத்த நேரத்தில், தான் விதித்த கட்டணத்தில் பேருந்து ஓட்டலாம். 42 நாள்களுக்கு முன்பே போக்குவரத்து ஆணையரிடம் பதிவு செய்துகொண்டால் போதும். அத்தடம் ஊருக்குத் தேவையா, அதே நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் பேருந்து முன்னே செல்கிறதா என்றெல்லாம் கேட்கும் உரிமை மன்றத்துக்கு இல்லாமற் போனது. எந்த நிறுவனமும் இலாபம் காணாத இரவு நேரச் சேவைகளையும் ஞாயிற்றுக்கிழமைச் சேவைகளையும் ஊர்ப்புறத் தடங்களையும் ஒப்பந்தப்புள்ளி கோரி, மானியம் கொடுத்து வாங்கிக்கொள்வது ஒன்றே மன்றத்திடம் எஞ்சியது.

இந்த ஏற்பாட்டில் முதலில் அழிந்தது உள்மானியம் என்னும் முறை. கூட்டம் நிறைந்த தடத்தில் ஈட்டும் உபரியைக் கொண்டு, கூட்டம் குறைந்த தடத்தின் இழப்பை ஈடுகட்டுவதையே உள்மானியம் என்பர். ஊர் முழுவதற்கும் ஒரே நிர்வாகம் பேருந்து ஓட்டியவரை இது கணக்குக்குள் ஓசையின்றி நடந்துவந்தது. போட்டி வந்ததும் உபரி தரும் தடங்களில் நிறுவனங்கள் முண்டியடித்தன. மாணவர் குடியிருப்புகளைப் பல்கலைக்கழகங்களோடும் நகர மையத்தோடும் இணைக்கும் மான்செஸ்டரின் வில்ம்ஸ்லோ சாலையில் வெவ்வேறு நிறங்களில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி நின்றபோது, சில மைல் தள்ளியிருந்த குடியிருப்புகளில் மாலைக்குப் பிறகு பேருந்தே இல்லை என்ற நிலை வந்தது. ஒரு நிறுவனத்தின் பயணச்சீட்டு மற்றொன்றில் செல்லவில்லை. நேரங்களைத் தமக்குள் ஒத்திசைக்க நிறுவனங்கள் முன்வந்தாலும், அது போட்டிச் சட்டத்துக்கு மாறான கூட்டுச் சதியாகக் கொள்ளப்படுமோ என்ற அச்சம் அவற்றைத் தடுத்தது.

மன்றங்களின் கை இவ்வளவு கடுமையாகக் கட்டப்பட்டதற்கு முந்தைய பத்தாண்டின் பூசல்களும் ஒரு காரணம். ஷெஃபீல்டை உள்ளடக்கிய தெற்கு யார்க்ஷயர் மாவட்ட மன்றம் 1970-களின் நடுவிலிருந்து கட்டணத்தை ஏற்ற மறுத்து, பணவீக்கம் உயர உயரப் பேருந்துப் பயணம் மலிவாகிக்கொண்டே போக விட்டது. நாடெங்கும் பேருந்துப் பயணிகள் குறைந்துவந்த அக்காலத்தில் அங்கே மட்டும் அந்தச் சரிவு பெரிதும் தடுக்கப்பட்டது. இதைவிடப் பெரிய மோதல் லண்டனில் நிகழ்ந்தது. 1981 மே மாதத் தேர்தலில் வென்று, கென் லிவிங்ஸ்டன் தலைமைக்கு வந்த லண்டன் பெருநகர மன்றம், வாக்களித்தபடியே அவ்வாண்டு அக்டோபரில் பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, அதனால் ஏற்படும் துண்டை நகரின் சொத்துவரியோடு ஒரு கூடுதல் வரியை விதித்து நிரப்ப முனைந்தது. சுரங்க ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லாத புறநகரான பிராம்லியின் மன்றம், தன் மக்கள் பயன்படுத்தாத ஒன்றுக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும், பின்னர் டிசம்பர் 17 அன்று நாட்டின் உச்ச நீதிபீடமாக அப்போது விளங்கிய பிரபுக்கள் அவையும் பிராம்லியின் பக்கமே தீர்ப்பளித்தன. வரி செலுத்துவோரின் பணத்தைக் கையாளும் மன்றத்துக்கு அவர்கள்பால் ஓர் அறங்காவல் பொறுப்பு உண்டென்றும், 1969-ஆம் ஆண்டின் லண்டன் போக்குவரத்துச் சட்டம் வணிக முறைக்குப் புறம்பாக வேண்டுமென்றே இழப்பை வரவழைத்துக்கொள்ள இடம் தரவில்லையென்றும் அத்தீர்ப்பு கூறியது. 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பானது. பேருந்திலும் ரயிலிலும் கூட்டம் குறைந்தது.

அந்தத் தோல்வியோடு மன்றம் ஓய்ந்துவிடவில்லை என்பதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை. தீர்ப்பின் வரம்புக்குள் நிற்கும்படி கணக்குகளைத் திருத்தி எழுதி, 1983-இல் கட்டணத்தை மறுபடியும் நான்கில் ஒரு பங்கு குறைத்ததோடு, நகரை மண்டலங்களாகப் பகுத்து, பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் பொதுவாகச் செல்லும் டிராவல்கார்டு என்னும் பயண அட்டையையும் அது அறிமுகம் செய்தது. லண்டன் மக்கள் இன்றும் மண்டலக் கணக்கிலேயே ரயில் கட்டணம் செலுத்துகின்றனர். மன்றத்தின் ஆயுள்தான் நீளவில்லை. 1984-இல் போக்குவரத்து அதனிடமிருந்து பிடுங்கப்பட்டது. 1986 மார்ச் இறுதியில் லண்டன் பெருநகர மன்றமும் தெற்கு யார்க்ஷயர் முதலிய பெருநகர மாவட்ட மன்றங்களும் ஒருசேரக் கலைக்கப்பட்டன.

1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வினோதம் லண்டனை அது விலக்கி வைத்ததில் இருந்தது. தலைநகரில் தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் பொது அமைப்பே முடிவுசெய்ய, அவற்றை ஓட்டித்தரும் வேலைக்கு மட்டும் தனியார் நிறுவனங்கள் போட்டியிட்டன. பயணிகள் கொடுக்கும் பணம் அமைப்புக்கும், ஓட்டிய தொலைவுக்கும் நேரம் தவறாமைக்கும் உரிய கூலி நிறுவனத்துக்கும் சென்றன. இதையே உரிம ஒப்பந்த முறை என்பர். நாட்டின் பிற பகுதிகளுக்குச் சுதந்திரச் சந்தையே மருந்து என்று ஓதிய அரசு, தான் அமர்ந்திருந்த நகருக்கு மட்டும் அதைத் தள்ளிவைத்ததும், அங்கே பேருந்துப் பயணம் பெருகி மற்ற நகரங்களில் தேய்ந்ததும் மறுக்க முடியாத ஒப்பீடாக முப்பதாண்டுகள் நின்றன.

அந்த ஒப்பீட்டைப் படியெடுக்கும் வாய்ப்பை 2017-ஆம் ஆண்டுப் பேருந்துச் சேவைகள் சட்டம் மேயர் தலைமையில் பல மன்றங்கள் இணைந்த கூட்டு ஆணையங்களுக்கு வழங்கியது. பத்து மன்றங்கள் இணைந்த பெரு மான்செஸ்டர் முதலில் அதைக் கையிலெடுத்தது. உரிம ஒப்பந்த முறைக்கு மாறுவதென்று மேயர் ஆண்டி பர்னம் 2021 மார்ச்சில் முடிவெடுத்தார்; அதை எதிர்த்து ஸ்டேஜ்கோச், ரொட்டாலா ஆகிய நிறுவனங்கள் நீதிமன்றம் சென்று 2022-இல் தோற்றன. 2023 செப்டம்பர் 24 அன்று போல்டன், விகன் பகுதிகளில் தொடங்கிய மாற்றம் 2024 மார்ச்சில் ஓல்டம், ராச்டேல் பக்கம் விரிந்து, 2025 ஜனவரி 5 அன்று முழுமை பெற்றது. நகரின் உழைப்புச் சின்னமான தேனீயின் பெயரில் மஞ்சள் பேருந்துகள் ஓடுகின்றன. 2025-இல் ஒருமுறை 2 பவுண்டு கொடுத்தவர் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாற முடிந்தது. 2025 மார்ச் முதல் டிராமுக்கும் பேருந்துக்குமாக வங்கி அட்டையைத் தொட்டுப் பயணம் செய்தால், நாளுக்கான உச்சவரம்புக்கு மேல் பணம் பிடிக்கப்படுவதில்லை. இம்மாற்றத்துக்கான செலவு 13 கோடியே 45 லட்சம் பவுண்டு என மதிப்பிடப்பட்டிருந்தது. இனிப் பயணிகள் குறைந்தால் அந்த இழப்பும் நிறுவனங்களுடையதன்று, பொதுப்பணத்துடையது என்பதை மஞ்சள் வண்ணத்தைக் கொண்டாடுவோர் மறந்துவிடுகின்றனர்.

எனினும் உரிம ஒப்பந்தத்தைவிட அடிப்படையான ஒரு கருவி எந்நாளும் மன்றங்களிடமிருந்து பறிக்கப்படவில்லை. அது சாலை. ஒரு பேருந்து தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை சென்று திரும்ப ஒரு மணி நேரம் ஆகுமானால், 10 நிமிடத்துக்கு ஒன்று விட 6 பேருந்துகளும் அவற்றுக்கான ஓட்டுநர்களும் தேவை. நெரிசலால் அச்சுற்று 70 நிமிடமாக நீளுமானால், அதே சேவைக்கு ஏழாவது பேருந்தை வாங்க வேண்டும், இல்லையேல் இடைவெளியை ஏறத்தாழ 12 நிமிடமாக்கிப் பயணிகளை இழக்க வேண்டும். இழந்த பயணிகளில் சிலர் கார் வாங்குவதால் நெரிசல் மேலும் கூடுகிறது. பேருந்துக்கென்று ஒதுக்கிய தடப்பட்டையும், பேருந்து நெருங்கும்போது பச்சைக்கு மாறும் விளக்கும் இச்சுழலை அறுக்கவல்லவை. ஆனால் அவற்றைப் போட முனையும் மன்ற உறுப்பினர் வாகன நிறுத்தத்தை இழக்கும் கடைக்காரர்களின் சினத்துக்கு ஆளாவதால், சட்டம் தடுக்காததைத் தேர்தல் அச்சமே தடுத்துவிடுகிறது.

அந்த அச்சத்தைக் கடந்த நாட்டிங்கம் நகர மன்றத்தின் செயல் மான்செஸ்டருடையதைவிடத் துணிவானது என்று கொள்வதற்கு இடமுண்டு. 2000-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தில் உறங்கிக்கிடந்த ஒரு பிரிவைப் பயன்படுத்தி, பதினொன்றோ அதற்கு மேற்பட்டோ வாகன நிறுத்த இடங்களை ஊழியருக்கு ஒதுக்கும் முதலாளிகளிடம் இடத்துக்கு இவ்வளவென்று ஆண்டுக் கட்டணத்தை 2012 ஏப்ரல் முதல் அது வசூலிக்கிறது. தொழில்கள் ஊரைவிட்டு ஓடிவிடும் என்ற எச்சரிக்கைகளுக்கிடையே வந்த அவ்வருவாய் வேறெதற்கும் செலவிடப்படாமல் போக்குவரத்துக்கே செல்ல வேண்டும் என்பது சட்ட விதி. 2015 ஆகஸ்டில் கிளிஃப்டன், டோட்டன் வரை நீண்ட டிராம் பாதைகளுக்கு அப்பணம் உதவியது. தனியார்மயக் காலத்திலும் விற்கப்படாமல் தப்பிய நகரப் பேருந்து நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கும் அம்மன்றத்திடமே இருக்கிறது.

நாட்டிங்கம் போலவே ரெடிங், எடின்பரோ முதலிய சில ஊர்களும் தம் நிறுவனங்களைக் காத்துக்கொண்டன. விற்றுவிட்டவர்களுக்கோ புதிதாக ஒன்றைத் தொடங்கும் வழியையே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்திருந்தது. 2025-இல் இயற்றப்பட்ட பேருந்துச் சேவைகள் சட்டம் அத்தடையை நீக்கி, உரிம ஒப்பந்த முறைக்கு மாறும் வழியையும் சிறிய மன்றங்களுக்கு எளிதாக்கியுள்ளது. ஆனால் பத்தாண்டுக்கு மேல் நீண்ட சிக்கன நடவடிக்கையில் மானியத் தடங்களை வெட்டிய மன்றங்கள் பல, தடம் வரையவும் ஒப்பந்தம் எழுதவும் தெரிந்த அலுவலர்களையும் அப்போதே இழந்துவிட்டன.