இருமுகிற ஜாவாவுக்கு என்ன வைத்தியம்?

பழைய ஜாவா, யெஸ்டி எஞ்சின்கள் முரண்டு பிடித்தால் உடனே பிரித்துவிடத் துடிப்பவர்கள் அதிகம். நோய் பெரும்பாலும் வெளியேதான் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

காட்சி பழகியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூரிலோ புனேயிலோ ஒரு வீட்டு வாசல். அப்பா காலத்து மெரூன் நிற ஜாவா வெளியே வருகிறது. ஐந்தாவது உதையில் உயிர் பிடிக்கிறது. இரட்டை சைலன்சரிலிருந்து புகை. கொஞ்சம் முடுக்கியதும் ஓர் இருமல், ஒரு வெடிச் சத்தம், பிறகு மௌனம். எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்: போர் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

இந்த அவசரத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டிகளை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. 1973இலிருந்து அவை யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. 2018இல் ஜாவா பெயரும் 2022இல் யெஸ்டி பெயரும் கடைகளுக்குத் திரும்பின. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய புது வண்டிகள். அவற்றின் பாகங்கள் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உதவாது.

எனவே கையில் இருக்கும் ஒரிஜினல் சிலிண்டர் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. ஒவ்வொரு முறை போர் செய்யும்போதும் உள்சுவர் தேய்க்கப்பட்டு, ஒரு சுற்று பெரிய பிஸ்டன் போடப்படுகிறது. சில முறைகளுக்குப் பிறகு தேய்க்க எதுவும் மிஞ்சாது. போர் போகாத எஞ்சினுக்குப் போர் செய்வது, கணக்கிலிருந்து காரணமில்லாமல் பணம் எடுப்பது போலத்தான். சட்டமும் இதில் சம்பந்தப்படுகிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், எஞ்சின் உட்பட வண்டி ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன.

சரி, எங்கே தொடங்குவது? முதல் வேலை காது கொடுத்துக் கேட்பது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் சீராக ஓடாது. எரிந்த புகையில் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கிவிடுவதால், சில சுற்றுகளில் கலவை பற்றாமல் போகும். 'டப்... டப்-டப்... டப்' என்ற அந்தத் தள்ளாட்டம் பிறவிக் குணம். முடுக்கும்போது திக்குகிறதா, சூடானதும் நிற்கிறதா, மேட்டில் மட்டும் மூச்சு வாங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதைக் குறித்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

அடுத்தது பெட்ரோல். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது. எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023இலிருந்து பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. ஆயில் சேராத அந்த அடித் திரவம் உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. பழைய ரப்பர் குழாய், வாஷர்களையும் எத்தனால் மெல்ல அரிக்கிறது. நீண்ட நாள் நிறுத்தும் முன் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே பாதுகாப்பு.

ஓரிரு கிலோமீட்டர் ஓடி நின்று, சிறிது நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டிக்கு ஓர் எளிய சோதனை: டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்ப்பது. அப்போது நிற்கவில்லை என்றால், மூடியில் காற்று போகும் சிறு துளை அடைத்திருக்கிறது. ஓர் ஊசியில் தீர்கிற பிரச்சினை.

மூன்றாவது பிளக். ஓட்டி வந்த சூட்டில் எஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் ஆறியதும் கழற்றினால் அது உண்மையைச் சொல்லும். காப்பிப் பொடி நிறம் என்றால் ஆரோக்கியம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம், அல்லது பொறி பலவீனம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. வெளுத்த பிளக்கோடு தொடர்ந்து ஓட்டுவது ஆபத்து. பொறியைச் சோதிக்கும்போது பிளக்கை சிலிண்டர் துளையிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வருவது பெட்ரோல் ஆவி.

பொறி மங்கலாக இருந்தால் சந்தேகப் பட்டியலில் முதலில் வருவது 6 வோல்ட் பாட்டரி. பழைய ஜாவாவில் பொறிக்கான மின்சாரமே அதிலிருந்துதான். பிறகு காண்டாக்ட் பாயிண்ட். முனைகள் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துத் துடைத்து, முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜில் சுமார் 0.4 மி.மீ. வைக்க வேண்டும். இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறிவிடும். எனவே முதலில் இடைவெளி, அப்புறமே டைமிங். பாயிண்டில் நீலப் பொறி பெரிதாகத் தெறித்தால் கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் திக்கி நின்று, ஆறியதும் கிளம்பினால் கண்டன்சரோ காயிலோதான் பெரும்பாலும் குற்றவாளி. சில்லறைச் சாமானான இந்தக் கண்டன்சருக்காக முழு எஞ்சினே இறக்கப்பட்ட கதைகள் பழைய வண்டிக்காரர்களிடம் ஏராளம்.

கார்புரேட்டரின் முறை இதற்குப் பிறகுதான் வருகிறது. ஜெட்டுகளைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, வேறு நோய் வந்து சேரும். ஃப்ளோட்டைக் குலுக்கினால் சலசலத்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. கார்புரேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க, இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் ஆயில் சீல்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் கலவையை இழுத்துத் தள்ளும் பம்ப். அதில் ஓட்டை விழுந்தால் கணக்கே தப்பிவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, எவ்வளவு ஓட்டினாலும் அடங்காத வெள்ளைப் புகை கிளம்பும். கியர்பாக்ஸில் ஆயில் மட்டமும் குறையும். டைனமோ பக்க சீல் போனால் காற்று புகுந்து, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாக வேகமெடுக்கும். இந்தக் கட்டத்தில் வண்டியை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை.

இழுவை மட்டும் குறைந்திருந்தால் சைலன்சரையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எரிந்த ஆயில் கரியாகப் படிந்து அதன் தொண்டையை அடைத்திருக்கும்.

இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பிளக், பாயிண்ட், ஜெட் மூன்றையும் ஒரே காலையில் மாற்றினால், வண்டி ஓடினாலும் ஏன் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடி இருட்டுதான். செய்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைப்பவர்கள் பிழைக்கிறார்கள். இந்த எஞ்சின்களோடு வளர்ந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவரும் காலத்தில், அந்த நோட்டே அடுத்த தலைமுறையின் பாடப் புத்தகம்.

இத்தனையும் பார்த்த பிறகு, கிக்கரைக் கையால் அழுத்தினாலே எதிர்ப்பில்லாமல் வழுக்கி இறங்குகிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி. எஞ்சினை இறக்கலாம். பெரும்பாலும் அதற்கு அவசியம் வராது. கியர் லீவராகவும் வேலை செய்யும் அந்தக் கிக்கர் இரண்டாவது உதைக்கே கீழ்ப்படியும். தெருவே அதிரும். அப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், இந்த முறை சத்தம் தாங்கவில்லை என்று சொல்ல.